தற்கொலைத் தடுப்புக்கு ஒரு சுவர்

தமிழ்நாட்டுச் சுவர்களுக்கு உடல்நலம் போதித்துப் பழக்கம் உண்டு. தலைகீழ்ச் சிவப்பு முக்கோணமும் ‘நாமிருவர் நமக்கிருவர்’ வாசகமும் ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்ததற்குச் சுவர்களும் காரணம். தற்கொலைத் தடுப்புக்கு மட்டும் அந்த இடம் அபூர்வமாகவே கிடைக்கிறது. மாடம்பாக்கம் போன்ற சென்னைப் புறநகரில் ஒரு சுவர் கிடைத்தால் எதை வரையலாம், எதை வரையவே கூடாது?

இந்திரா நகர் முகங்கள்

பறக்கும் ரயிலின் இந்திரா நகர் நிலையச் சுவரில் சில பெரிய முகங்கள் இருக்கும். ஸ்டார்ட் இந்தியா என்ற தெருக்கலை அமைப்புக்காக ஏ-கில் உள்ளிட்ட ஓவியர்கள் 2020 வாக்கில் தீட்டியவை. சென்னையின் சாதாரண மனிதர்கள். அவர்களில் ஒருவர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர். யார் அவர் என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. யாராகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

தற்கொலை எண்ணமும் அப்படித்தான், முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். நாட்டளவில் முதன்மையான காரணமாகப் பதிவானவை குடும்பப் பிரச்சினையும் நோயும். இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தினக்கூலி. நாமோ தேர்வு முடிவு வரும்போது மட்டும் இதைப் பேசுகிறோம். பள்ளிச் சுவரோடு நிறுத்தினால் பாதி வேலைகூட ஆகாது.

நல்லெண்ணம் போதாது

தென்கொரியத் தலைநகர் சியோலில், 2012-இல் ஓர் ஆற்றுப் பாலத்தில் ஆறுதல் வாசகங்களை விளக்கொளியில் மிளிரவிட்டார்கள். விளம்பர உலகம் விருது கொடுத்தது. ஆனால் அங்கே தற்கொலை முயற்சிகள் குறையவில்லை, கூடின. விளக்குகளை அணைத்தார்கள், பிறகு தடுப்பின் உயரத்தைக் கூட்டினார்கள். இடத்தைப் பிரபலப்படுத்துவதே ஆபத்து என்பது இதில் கிடைத்த பாடம். லண்டனில் 2018-இல் ஒரு கட்டடத்தின் மேல் 84 மனித உருவங்களை நிறுத்தினார்கள்; பிரிட்டனில் வாரந்தோறும் தற்கொலையால் இறந்த ஆண்களின் எண்ணிக்கை அது. நாடே அதைப் பேசியது உண்மை. இருந்தாலும் நம் ஊருக்கு அந்த அதிர்ச்சி வைத்தியம் வேண்டாம் என்பேன்.

வியன்னா ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையைக் காட்டியது. நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களின் கதைகள் செய்தியானபோது தற்கொலைகள் குறைந்திருந்தன. பிலடெல்பியாவில் ஜேம்ஸ் பர்ன்ஸ் 2012-இல் முடித்த சுவரோவியம் இந்த வகை. உறவுகளை இழந்தவர்களும் உயிர் மீண்டவர்களும் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றார்கள். தூரிகையோடு பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசிய நேரம், ஓவியத்தைவிடப் பெரிது.

மாடம்பாக்கத்தில் எங்கே?

தேனுபுரீஸ்வரர் கோயில் பக்கம் தூரிகை போகவே கூடாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், கொஞ்சம் தள்ளி தாம்பரம் ரயில் நிலையம் ஆகியவை பொருத்தமான இடங்கள். அந்தந்தச் சுவருக்குப் பொறுப்பானவர்களின் அனுமதியை முதலில் வாங்கிவிட வேண்டும். கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்தவருக்காக இந்தியிலும் ஒரு வரி இருக்கட்டும்.

இறக்கும் வழியைக் காட்டும் எந்தப் பொருளும் படத்தில் வேண்டாம். ‘கோழை’ என்ற ஏச்சும் வேண்டாம், சாவை அழகாக்கும் வசனமும் வேண்டாம். டீக்கடை பெஞ்சில் ஒருவர் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்கும் காட்சி போதும். கீழே உதவி எண், பேருந்தில் இருந்தே படிக்கிற அளவில். வரையும் முன் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வெயிலில் வெளுத்தால் முதலில் அந்த எண்ணைத்தான் புதுப்பிக்க வேண்டும்.

நேராகக் கேளுங்கள்

“நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்று ஒருவர் சொன்னால், தூக்கம் கெட்டு ஒதுங்கினால், பிரியமான பொருள்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுத்தால், “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு அது பாரத்தை இறக்கி வைக்கும் வாய்ப்பு. ஆபத்து தெரிந்தால் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

உதவிக்கு அழைக்க: மத்திய அரசின் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும். தமிழக அரசின் 104. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா: 044-24640050. இந்த எண்களை இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.