சாமி மலையேறிய பிறகு

கூடலூர்ப் பக்கத்துச் சாமி கும்பிடுகளில் உடுக்கைச் சத்தம் ஏற ஏறச் சாமியாடியின் உடம்பு குலுங்கத் தொடங்கும். நெற்றியில் விபூதி பூசி, “வந்திருக்கிறது யாரு?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். வந்த சாமி பெயரைச் சொன்னதும், அதுவரை அவரை ஒருமையில் அழைத்தவர்களும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சாமி மலையேறிய பிறகு, அருள்வாக்கில் வந்த சொல்லுக்காக அந்த மனிதரிடம் போய் யாரும் நியாயம் கேட்பதில்லை. திருமூலர் கதை இதைத் திருப்பிப் போடுகிறது: உடம்பு இறந்துபோன சாத்தனூர் இடையன் மூலனுடையது, உள்ளே புகுந்திருந்தவர் ஒரு யோகியார். மூலனின் மனைவி முறையிட்டும், இவரை அந்தப் பந்தத்தில் கட்ட முடியாது என்று ஊரார் அவளைத் தேற்றி அனுப்பியதாகச் சேக்கிழார் சொல்கிறார். அவளுடைய துயரம் தீர்ந்ததாக எனக்குப் படவில்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் ஊர் உடம்பைப் பார்த்து ஆளை முடிவு செய்யவில்லை. கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகில் வேறோர் உருவத்தில் உலவுகிறவரை எப்படி முடிவு செய்வது?

மனம் வேற்று உடம்பை வெகு எளிதில் தனதாக்கிக்கொள்ளும். 1998இல் போட்வினிக், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒருவரின் கையைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருட, சற்று நேரத்தில் அந்த ரப்பர் கையே தன் கை என்று அவருக்குத் தோன்றியது. மெல் ஸ்லேட்டர் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுக் குழந்தையின் மெய்நிகர் உடம்பைப் பெற்ற பெரியவர்கள் பொருள்களை உள்ளதைவிடப் பெரிதாக மதிப்பிட்டார்கள். அப்படியானால் உடம்பு மாறும்போது ஆளே மாறிவிடுகிறார் என்று வாதிடலாம். ஆனால் காய்ச்சலில் கிடப்பவருக்கும் நாக்கின் ருசி மாறுகிறது, பயம் கூடுகிறது. அவர் வாங்கிய கடன் அவருடையதாகத்தான் இருக்கிறது. கருவியைக் கழற்றியவருக்கு உள்ளே தான் செய்தது நினைவிருக்கிறது, அதன் ஆதாயமும் அவருக்கே வருகிறது.

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத் திருமண ஜோடி ஒன்று மெய்நிகர் வெளியில் வரவேற்பு நடத்தியது. மணமகளின் காலமான தந்தையின் உருவமும் அதில் வந்தது. பார்த்தவர்களின் நெகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அந்த உருவம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தால், அதைக் காப்பாற்ற வேண்டியவர் உருவத்தை இயக்கியவரே.

சாமியாடிக்குக் கொடுத்த விலக்கை மெய்நிகர் உருவத்தில் உலவுகிறவர்களுக்கும் ஏன் கொடுக்கக் கூடாது என்பதுதான் வலுவான மறுப்பு. அந்த விலக்கைச் சாமியாடி தானாக எடுத்துக்கொள்ளவில்லை; ஊர் கொடுத்தது. வந்தது யார் என்று சபையில் கேட்டார்கள், மலையேறியதை எல்லாரும் பார்த்தார்கள். மெய்நிகர் உருவத்தை மாட்டுகிறவர் தானே தேர்ந்து, தானே மறைந்துகொள்கிறார். அவருக்கு விலக்குக் கிடையாது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.