அல்சேஷன் நாயின் குணமும் வளர்ப்பும்

பிரிக்பீல்ட்ஸ் வீதிகளிலும் கிள்ளான் வட்டார வீடமைப்புப் பகுதிகளிலும் 'ஆவாஸ் அஞ்சிங்' என்னும் எச்சரிக்கைப் பலகையைப் பல வாயில்களில் காண்கிறோம். அவ்வாயில்களைக் காக்கும் நாயினங்களுள் பெயர்பெற்றது அல்சேஷன்.

இதன் தாயகம் ஜெர்மனி. ஆட்டு மந்தைகளைக் காத்துவந்த நாய்களிலிருந்து இவ்வினத்தை 1899ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கியவர் மாக்ஸ் வான் ஸ்டெஃபனிட்ஸ் என்னும் குதிரைப்படை அதிகாரி. முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியின் மீது எழுந்த வெறுப்பினால் ஆங்கிலேயர் இதனை 'அல்சேஷன்' என அழைத்தனர்.

மந்தையைக் காத்த இயல்பே இதன் குணத்திற்கு அடிப்படையாகும். வீட்டாரிடம் பற்றும், அந்நியரிடம் விழிப்பும், கற்பதில் கூர்மையும் உடையது. நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டிவைத்தால் காவல் திறன் வளரும் என்று சிலர் எண்ணுவர். அது தவறு. ஓடவும் பழகவும் வழியற்ற நாய் அச்சமும் சினமும் கொள்ளும். அச்சங்கொண்ட நாய்க்குத் திருடனும் ஒன்றே. அண்டை வீட்டுக் குழந்தையும் ஒன்றே. ஆகவே, குட்டிப் பருவத்திலேயே பலரோடு பழக்குதல் வேண்டும்.

ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரை எடை பெறும். ஈரடுக்கு உரோமம் உடைய இதற்கு நம் நாட்டு வெப்பம் கடுமையானது. மனிதரைப் போல் உடல் முழுதும் வியர்க்காமல், நாய் மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. நிழலும் குளிர்ந்த நீரும் எப்போதும் தேவை. காலையிலும் மாலையிலும் நடத்திச் செல்லுதல் நன்று. வேகவைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கலாம். வெங்காயமும் சாக்லேட்டும் நஞ்சாகும். கொசுவினால் இதயப் புழு நோய் பரவுவதால் கால்நடை மருத்துவரின் ஆலோசனை அவசியம். தடுப்பூசியும் ஊராட்சி மன்ற உரிமமும் உரிமையாளரின் கடமைகளாகும்.

மாணவர்களே! 'குரைக்கிற நாய் கடிக்காது' என்னும் பழமொழியை நம்பி எந்த நாயையும் நெருங்காதீர்கள். உண்ணும் நாயையும் குட்டி ஈன்ற நாயையும் தொடாதீர்கள். நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல், அதன் கண்களை உற்று நோக்காமல், அசையாது நில்லுங்கள். கடிபட்டால் ஏச்சுக்கு அஞ்சி மறைக்காமல், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய் 2015இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களிலும் 2017இல் சரவாக்கிலும் தலைகாட்டியது. நோய்க்குறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது.

பெற்றோர்களே! நாயைப் பேணுவோர் தம் வீட்டை மட்டுமன்று, அவ்வழியே பள்ளிக்கு நடந்துவரும் பிள்ளைகளையும் காக்கின்றனர். பேண இயலாதவர் வளர்க்காதிருத்தலே நலம்.