தூக்கம் வரலைன்னு டாக்டரிடம் சொல்லுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோ ஏற்றி, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்து வீடு திரும்பிய பெண்ணிடம் "சாப்பிட முடியுதா?" என்று ஊரே கேட்கும். தூங்கினீர்களா என்று கேட்பவர் அபூர்வம். அவரும் சொல்வதில்லை. "உயிர் பிழைச்சதே பெரிசு, இதுல தூக்கம் வேறயா?" கடலோரக் கட்டுமாவடியிலிருந்து தஞ்சாவூருக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏறி, வரிசையில் நின்று, டாக்டர் முன் உட்காரும் சில நிமிடங்களில் இந்தப் பேச்சு வருவதே இல்லை.

தூக்கம் வராததை வெறும் மனக்கவலை என்று ஒதுக்குவது தவறு. காரணம் பல நேரம் மருந்துச் சீட்டிலேயே இருக்கிறது. கீமோவின்போது வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் தூக்கத்தை விரட்டும். அதை மாத்திரையாகத் தந்திருந்தால், காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பிறகு வருவது டமாக்ஸிஃபென், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரை. 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு வரைகூட. அதனால் நடுராத்திரியில் உடம்பு குப்பென்று கொதித்து, சேலை நனைய வேர்த்து எழுப்பிவிடும். கீமோவால் மாதவிலக்கு சட்டென நின்றுபோன இளவயதுப் பெண்களுக்கு இது இன்னும் கடுமை. லெட்ரோசோல் மூட்டுவலியையும் தரும்.

இங்கேதான் இரண்டு ஆபத்துகள். தூக்கம் கெடுகிறதே என்று ஹார்மோன் மாத்திரையைத் தானாக நிறுத்துவது முதலாவது. நோய் திரும்பாமல் காப்பதே அந்த மாத்திரைதான். இரண்டாவது, மெடிக்கல் ஷாப்பில் "தூக்க மாத்திரை ரெண்டு குடுங்க" என்று வாங்குவது. அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை எச்1 அட்டவணை மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். சீட்டுக்கு விற்றாலும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பழகிப்போனால் விடுவது கடினம். அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு: மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் ஆகியவை டமாக்ஸிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். எனவே எந்த டாக்டரிடம் போனாலும், நாட்டு வைத்தியரிடம் போனாலும், புற்றுநோய் மாத்திரைச் சீட்டைக் காட்டியே ஆகவேண்டும். உடல் கொதிப்புக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன.

மருந்துக்கு முன் செய்ய வேண்டியது தூக்கத்துக்கான உளவியல் பயிற்சி. கனடாவின் கியூபெக்கில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த பெண்களிடம் நடந்த ஆய்வு, இதனால் தூக்கம் சீராவதை 2005இல் காட்டியது. பயிற்சி இதுதான்: தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, 20 நிமிடம் போல் புரண்டும் வராவிட்டால் எழுந்து உட்காருவது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது. கடைசி இரண்டும் கடலோர வீட்டில் லேசல்ல. விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்குச் சோறு கட்ட எழுவதும், மீன் ஏலத்துக்கு ஓடுவதும், பிறகு பகலில் கண் அசருவதும் பழக்கம். சிகிச்சையில் இருப்பவருக்கு அந்த வேலையிலிருந்து வீட்டார் விடுதலை தர வேண்டும். எந்த மாத்திரைக்கும் குறைந்த வைத்தியமல்ல அது. ராத்திரியில் எலும்புவலி புதிதாக வந்து விடாமல் தொடர்ந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மனச்சோர்வோ பயமோ தூக்கத்தைக் கெடுத்தால், அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். ரகசியம் காப்பதையும் அதே சட்டம் கட்டாயமாக்குகிறது. 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் மனநல ஆலோசகர்களிடம் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சிகிச்சைச் செலவுக்கு உதவும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை குறித்து 1800 425 3993 எண்ணில் கேட்கலாம்.

அடுத்த செக்கப்புக்கு முன் ஒரு வாரம், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எதனால் விழித்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் அதை அவர் மேஜையில் வையுங்கள்.