மென்பொருளுக்குக் கையெழுத்திடும் முன்

லாபத்தைப் பெருக்குவதற்காக ஒரு நிறுவனம் மென்பொருள் வாங்கினால், சட்டத்தின் பார்வையில் அது ‘நுகர்வோர்’ அல்ல. 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏற்றுமதி, இறக்குமதி ஆவண வேலைகளுக்காக அந்த நிறுவனம் ஒரு மென்பொருளின் உரிமத்தை வாங்கியது. அது சரியாக இயங்கவில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. தொழில் நடைமுறையைத் தானியங்கியாக்குவது லாபத்தோடு நேரடித் தொடர்புடையது, ஆகவே அது வணிக நோக்கமே என்று கூறி மேல்முறையீட்டை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சென்னையிலோ கோவையிலோ இருபது, முப்பது பேரை வைத்து கன்சல்டிங் நிறுவனம் நடத்துகிறவர்கள் இந்தத் தீர்ப்பைக் கவனிக்க வேண்டும். திட்டங்களை நிர்வகிக்கவும், யாரை எந்த வேலையில் போடுவது என்று முடிவு செய்யவும் ஒரு மென்பொருள் வாங்குகிறீர்கள். அது காலை வாரினால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு உங்களுக்கு அநேகமாகத் திறக்காது. கையில் மிஞ்சுவது ஒப்பந்தம். அதில் எழுதியிருப்பதுதான் உங்கள் உரிமை. அந்த ஒப்பந்தத்தைத்தான் பலரும் படிக்காமலேயே ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்திவிடுகிறார்கள்.

கன்சல்டிங் தொழிலில் விற்பனைக்கு இருப்பது மனிதர்களின் நேரம். வேலைப் பட்டியல் போடும் கருவிகள் சந்தையில் ஏராளம். இந்தத் தொழிலுக்கு அவை போதா. ஒரே ஆலோசகர் மூன்று வாடிக்கையாளர்களுக்குப் பாதி நாள், கால் நாள் என்று பிரிந்து உழைக்கிறார். அடுத்த மாதம் அவரிடம் எத்தனை மணி நேரம் மிச்சமிருக்கும்? இன்னும் உறுதியாகாத வேலைக்கு அவரைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க முடியுமா? டைம்ஷீட்டில் பதிந்த நேரம், வாடிக்கையாளருக்கு ஏற்ப மாறும் கட்டணத்தில், ஜிஎஸ்டியோடு பில்லாக வெளிவருமா? விற்பனையாளர் தன்னுடைய மாதிரித் தரவை வைத்துக் காட்டும் டெமோவில் எல்லாமே அழகாக ஓடும். நீங்கள் ஏற்கெனவே முடித்த ஒரு திட்டத்தின் டைம்ஷீட்டையும் பில்லையும், வாடிக்கையாளரின் பெயரை மறைத்துவிட்டு, அதில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் திட்டத்தில் லாபம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். மென்பொருள் வேறு கணக்கு காட்டினால் அங்கேயே சாயம் வெளுத்துவிடும்.

டெமோவில் வாய்வழியாகச் சொன்ன எதையும் நம்பி நிற்காதீர்கள். “இந்த வசதி அடுத்த மூன்று மாதத்தில் வந்துவிடும் சார்” என்றால், தேதியோடு ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில், இந்த ஆவணத்துக்கு வெளியே பேசியது எதுவும் செல்லாது என்று ஒரு பிரிவு இருக்கும். விற்பனையாளரின் வாக்குறுதியும் மின்னஞ்சலும் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகும்.

விலையை ஆளுக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். கேட்க வேண்டியவை வேறு. குறைந்தபட்சம் எத்தனை பேருக்கு வாங்க வேண்டும்? நடுவில் ஐந்து பேர் வேலையை விட்டுப் போனால் எண்ணிக்கையைக் குறைக்கலாமா, அல்லது ஆண்டு முடியும் வரை அவர்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டுமா? சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமானால், வேண்டாம் என்று எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும்? விலையேற்றத்துக்கு உச்சவரம்பு உண்டா? கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அனுமதியை நீங்கள் ரத்து செய்யவும் முடியும். ஆனால் வங்கியில் ரத்து செய்ததால் ஒப்பந்தம் ரத்தாகிவிடாது. பாக்கித் தொகை கேட்டு நோட்டீஸ் வரலாம்.

சேவை 99.9 சதவீத நேரம் இயங்கும் என்பார்கள். 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் நிற்கலாம் என்று அதற்குப் பொருள். 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம். அதற்கும் மேல் நின்றால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் ஒரு சிறு கழிவுதான். பில் அனுப்ப வேண்டிய மாதக் கடைசியில் முடங்கியதால் உங்களுக்கு வந்த நட்டம், ‘மறைமுக இழப்பு’ என்ற பெயரில் விலக்கப்பட்டிருக்கும். விற்பனையாளரின் மொத்தப் பொறுப்பும் பல ஒப்பந்தங்களில் 12 மாதக் கட்டணத்தோடு நின்றுவிடும். இந்த உச்சவரம்பை முழுதாக நீக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். தரவுக் கசிவுக்கும் ரகசிய மீறலுக்கும் மட்டும் தனியாக, உயர்ந்த வரம்பு கேளுங்கள். இந்தப் பேரத்துக்குப் பல நிறுவனங்கள் இறங்கிவரும்.

2022 ஏப்ரலில் ஜிரா மென்பொருளை நடத்தும் அட்லாசியன் நிறுவனத்தில், பராமரிப்பு வேலையின்போது தவறான அடையாள எண்கள் கொடுக்கப்பட்டதால் 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. சிலருக்கு அவை திரும்பக் கிடைக்க 14 நாள் வரை ஆனது. தரவுகளுக்குப் பிரதி இருந்தது. தளம் அழிந்தவர்களுடையதை மட்டும் பிரித்தெடுத்து மீட்கத்தான் அவ்வளவு காலம் பிடித்தது. எனவே ‘பேக்கப் இருக்கிறதா’ என்று கேட்டு நிறுத்திவிடக் கூடாது. எங்கள் தரவை மட்டும் மீட்க எத்தனை மணி நேரம் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

2025 ஜூலையில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடைகளைத் தொடர்ந்து, இந்தியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. கட்டணம் கட்டிய சேவை, தன்னுடைய சொந்தத் தரவு, இரண்டுமே கைக்கு எட்டவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. சில நாளில் சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. சந்தா எந்தக் காரணத்தால் நின்றாலும், குறைந்தது 60 அல்லது 90 நாள் தரவைப் பதிவிறக்க அனுமதி உண்டு என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வாங்கும் முன்பே ஒருமுறை முழுத் தரவையும் வெளியே எடுத்துப் பாருங்கள். பணிப் பட்டியல் எக்செலில் வந்துவிடும். குறிப்புகள், இணைத்த கோப்புகள், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு ஆகியவை வருகின்றனவா என்பதுதான் சோதனை. கம்பெனியாகப் பதிவு பெற்றவர்கள் கணக்கு ஆவணங்களை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மென்பொருளை மாற்றினாலும் பழைய பில்களும் அவற்றுக்கு ஆதாரமான டைம்ஷீட்டும் உங்களிடம் இருந்தாக வேண்டும்.

வாடிக்கையாளரோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருப்பீர்கள். அவருடைய விவரங்களை ஏற்றும்போது, அவை எந்த நாட்டுச் சர்வரில் இருக்கும், வேறு எந்தத் துணை நிறுவனங்களுக்குப் போகும், செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். ஊழியர்களின் தரவும் இந்த மென்பொருளில்தான் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மென்பொருள் நிறுவனத்தின் பக்கம் பிழை நேர்ந்தாலும், அந்தத் தரவைத் திரட்டிய உங்கள் நிறுவனமே பொறுப்பு. தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சட்டத்தின் முக்கியக் கடமைகள் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன; இப்போது போடும் மூன்றாண்டு ஒப்பந்தம் அந்தக் காலத்தையும் தொடும். ஆலோசகர்களின் கணினித் திரையைப் படமெடுப்பது, விசைத்தட்டலை எண்ணுவது போன்ற வசதிகளை விற்பனையாளர் இலவசமாகத் தந்தாலும் முடக்கி வையுங்கள். பில் போடத் தேவையற்ற அந்தத் தரவு ஊழியரை அவமதிப்பதோடு உங்கள் பொறுப்பையும் கூட்டுகிறது.

சிக்கல் வந்துவிட்டால் என்ன வழி? பிழை வரும் நாளிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புகார் எண்ணோடு மின்னஞ்சலில் தெரிவியுங்கள். தொலைபேசிப் பேச்சு பின்னால் சாட்சிக்கு நிற்காது. பிறகு ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு முறையான நோட்டீஸ். நடுவர் தீர்ப்பு சிங்கப்பூரிலோ கலிபோர்னியாவிலோ என்று எழுதியிருந்தால், சில லட்சம் ரூபாய்ப் பிணக்குக்கு அங்கே போய் வழக்காடுவது கட்டுப்படியாகாது. அதனால் கையெழுத்துக்கு முன்பே இடத்தை இந்தியாவுக்கு, முடிந்தால் உங்கள் ஊருக்கு, மாற்றக் கேளுங்கள். நடுவர் ஏற்பாடு இல்லாத 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள வணிகப் பிணக்குகளை வணிக நீதிமன்றம் விசாரிக்கும். அவசரத் தடை கேட்காத வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம்.

தனி ஆளாக ஆலோசனைத் தொழில் செய்து பிழைப்பவருக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கலாம். சுயதொழில் மூலம் பிழைப்புக்காகவே வாங்கிய பொருளை வணிக நோக்கத்துக்கானது என்று நுகர்வோர் சட்டம் கருதுவதில்லை. அவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம், தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.