கொடி காத்த தீவு

மத்தியதரைக் கடலின் கீழ்க்கோடியில், துருக்கிக்குத் தெற்கே, சிரியாவுக்கு மேற்கே, ஸைப்ரஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் பரப்பு 3,572 சதுர மைல். புராதன காலத்தில் செம்புக்குப் பெயர்போன தேசம் அது. லத்தீன் மொழியில் செம்புக்கு வழங்கிய பெயரே இந்தத் தீவின் பெயரிலிருந்து பிறந்ததுதான். அந்தச் செம்பின் பெருமை பழங்கதையாகி விட்டது. ஆயினும், ஐரோப்பாவின் பெரிய திராட்சைத் தேசங்கள் பறிகொடுத்து விட்ட ஒரு செல்வம் இன்றும் அத்தீவில் இருக்கிறது. அங்கே திராட்சைக் கொடிகள் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

மதுவைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று நேயர் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். நான் சொல்ல வந்தது குடியைப் பற்றி அன்று; கொடியைப் பற்றி. ஒரு சிறு தேசம் தன் வித்தைக் காத்துக்கொண்ட விதமும், காத்ததை இழக்கும் நிலைக்கு வந்த விதமும் எல்லாத் தேசத்தாரும் அறியத் தக்கவை அல்லவா?

மலையும் மழையும்

தீவின் நடுவே, சற்று மேற்கே தள்ளி, த்ரோதோஸ் என்ற மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அதன் உச்சி சுமார் 6,400 அடி. கோடையில் ஸைப்ரஸின் சமவெளி அடுப்பைப் போலக் காயும். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் மழை அநேகமாக இல்லை. பெய்வதெல்லாம் குளிர்காலத்தில்தான். கடலோரத்தில் ஆண்டுக்குப் 15, 16 அங்குலம் பெய்தால், மலையுச்சியருகே 40 அங்குலத்துக்கு மேல் பெய்யும், பனியும் உறையும். ஆகவே உழவர்கள் வெயிலைக் கீழே விட்டுவிட்டுக் கொடியோடு மலையேறினார்கள். லிமஸோல், பாபோஸ் என்ற இரு நகரங்களுக்கு மேலே உள்ள சரிவுகள்தாம் திராட்சைக்கு உரிய பூமி. கீழ்ச்சரிவுகளில் சுண்ணாம்பு மண். மேலே போகப் போக எரிமலைப் பாறை சிதைந்த மண். சில தோட்டங்கள் 4,500 அடிக்கு மேலும் இருக்கின்றன. ஐரோப்பாவில் இவ்வளவு உயரத்தில் திராட்சை பயிராகும் இடங்கள் மிகச் சில.

திராட்சை என்றவுடன் நமக்குப் பந்தல் நினைவுக்கு வரும். ஸைப்ரஸின் பழந்தோட்டங்களிலோ பந்தல் இல்லை. கொடியை முழங்கால் உயரத்தில் வெட்டி வெட்டி, குத்துச்செடியைப் போல நிற்க வைக்கிறார்கள். அதன் இலையே அதன் குலைக்குக் குடை. கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, மலைச் சரிவைப் படிப்படியாகத் திருத்திய நிலங்கள் அவை. அங்கே ஏர் செல்வது அரிது. நீர்ப் பாய்ச்சலும் பெரும்பாலும் இல்லை. குளிர்காலத்தில் பெய்த மழையை ஆழத்தில் தேடிக் குடித்து, கொடி கோடையைக் கடக்கிறது.

வேரைத் தின்ற பூச்சி

1860ஆம் ஆண்டுகளில் பிரான்ஸ் தேசத்துத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. அமெரிக்காவிலிருந்து தருவித்த கொடிகளோடு பில்லாக்ஸிரா என்னும் நுண்ணிய பூச்சி வந்து சேர்ந்திருந்தது. நம் வயல்களில் காணும் அசுவினிக்கு உறவான இனம் அது. வேரை உறிஞ்சி, உறிஞ்சிய இடத்தை அழுகச் செய்து, கொடியைக் கொன்றது. சில பத்தாண்டுகளுக்குள் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி பாழாயிற்று. முடிவில் கண்ட பரிகாரம் ஒட்டு முறை. அந்தப் பூச்சியோடு பழகித் தேறிய அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியின் தண்டை ஒட்டினார்கள். ஆகையால் இன்று பிரான்ஸிலும் இத்தாலியிலும் காணும் கொடிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலை ஐரோப்பாவினுடையது, கால் அமெரிக்காவினுடையது.

ஸைப்ரஸுக்கு அந்தப் பூச்சி வரவே இல்லை. சுற்றிலும் கடல் இருந்தது ஒரு பாதுகாப்பு. வெளிநாட்டுக் கொடிகள் கரையேறாதபடி விதித்த கடுமையான தடை மற்றொரு பாதுகாப்பு. இதனால் நேர்ந்த நன்மை, பழைய கொடிகள் பிழைத்தன என்பது. தீமையும் உண்டு. புதிய இனங்கள் வரத் தாமதமாயின. தோட்டங்களில் பாதிக்கு மேல் ஒரே ஓர் இனமே நிறைந்து கிடந்தது.

தீவின் பிள்ளைகள்

அந்த இனத்தின் பெயர் மாவ்ரோ. கிரேக்க மொழியில் கறுப்பு என்று பொருள். பருத்த பழம், ஏராளமான மகசூல், எளிய சுவை. எடை போட்டு விலை பேசுகிறவனுக்கு ஏற்ற பழம் அது. வெள்ளைப் பழத்தில் ஸினிஸ்தேரி முதன்மை பெற்றது. வறட்சியைத் தாங்கும், மலையின் குளிர்ந்த காற்றில் விளைந்தால் இனிமையோடு புளிப்பும் பொருந்தி நிற்கும்.

மூன்றாவதான மரதெப்திகோவின் கதை விசித்திரமானது. பயிராகும் திராட்சையில் பெரும்பாலான இனங்களின் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கும். தம் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். மரதெப்திகோவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் பூ, பெண் பூவின் தொழிலையே செய்யும். அருகே வேறோர் இனம் அதே சமயத்தில் பூத்தால்தான் அது கருவுறும். பூக்கும் காலத்தில் காற்றும் மழையும் கெடுத்தால் குலையில் பாதி உதிர்ந்துவிடும். ஆனால் நின்ற பழத்தின் நிறமும் சாரமும் மாவ்ரோவுக்கு இல்லை. எடைக்கு விற்கும் உழவன் இதைத் தனித் தோட்டமாக வைப்பானா? வைக்கவில்லை. மாவ்ரோவின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகவே அது தங்கியது. அப்படித் தங்கியதே அதற்கு உயிரும் கொடுத்தது. துணைக்கு வேறு கொடி பக்கத்தில் இருந்தது அன்றோ? யன்னூதி, ப்ரோமாரா, ஸ்பூர்த்திகோ என்ற இனங்களும் இவ்வாறே பழந்தோட்டங்களின் மூலைகளில் பெயர் மறந்து கிடந்தன.

அரசர் பருகிய மது

ஸைப்ரஸில் கி.மு. 3500 ஆண்டளவிலேயே மது இருந்ததற்குத் தடயம் உண்டு என்று அகழ்வாய்வாளர் சிலர் கூறுவர். பாபோஸ் நகரில் 1962இல் வெளிப்பட்ட ரோமர் காலத்து மாளிகை ஒன்றின் தரையில், வண்ணக் கற்களால் பதித்த சித்திரம் ஒன்று இருக்கிறது. இகாரியோஸ் என்பவன் தியோனிஸஸ் தேவனிடம் மதுவின் வித்தையைக் கற்று, ஆயர்களுக்கு அதை வார்த்த கதை அது. மயங்கிய ஆயர்கள், தமக்கு விஷம் ஊட்டினான் என்று எண்ணி அவனைக் கொன்றுவிட்டார்கள் என்பது புராணம். மதுவைப் பற்றிய முதற் கதையே கொலையில் முடிவது கவனிக்கத் தக்கது.

1191இல் இங்கிலாந்து அரசன் ரிச்சர்ட் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் இத்தீவைப் பிடித்தான். லிமஸோலில் தன் திருமணத்தையும் நடத்திக்கொண்டான். பின்னர் லிமஸோலுக்கு அருகே கொலோஸ்ஸி என்னுமிடத்தில் வீரத்துறவியர் தம் தலைமையிடத்தை அமைத்தனர். அந்தப் பிரதேசத்துக்குக் கமாந்தரி என்று பெயர். அங்கே விளைந்த இனிய மதுவுக்குக் கமாந்தாரியா என்ற பெயர் நிலைத்தது. பெயர் மாறாமல் இன்றளவும் வழங்கும் மதுக்களில் உலகிலேயே மிகப் பழையது இது என்பர். 1571இல் துருக்கியர் தீவைக் கைப்பற்றியதற்கு, ஸுல்தான் ஸெலீமுக்கு இந்த மதுவின்மேல் இருந்த மோகமே காரணம் என்று ஒரு வதந்தியும் உண்டு. சரித்திரம் அதை ஏற்க வேண்டியதில்லை.

செய்முறை எளிது. நன்றாகக் கனிந்த ஸினிஸ்தேரியையும் மாவ்ரோவையும் கொய்து, நிலத்தில் விரித்துப் பல நாள் வெயிலில் உலர்த்துகிறார்கள். நீர் வற்ற இனிப்பு திரண்டு நிற்கும். பிழிந்த சாற்றைப் புளிக்க வைத்து, குறைந்தது இரண்டு ஆண்டு மரப்பீப்பாயில் ஆற விடுகிறார்கள். முன்காலத்தில் ஆளுயர மண்தாழிகளில் வைப்பார்கள். தாழியை முழுவதும் காலி செய்யாமல், எடுத்த அளவுக்குப் புதியதை வார்த்து வருவார்கள். அந்தப் பழைய அடிச்சரக்குக்கு மனா, அதாவது தாய், என்று பெயர். இன்று லிமஸோலுக்கு மேலே உள்ள 14 கிராமங்கள் மட்டுமே கமாந்தாரியா என்ற பெயரை வழங்கச் சட்டத்தின் உரிமை பெற்றவை.

மலிவின் விலை

1878 முதல் 1960 வரையில் ஸைப்ரஸ் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. இங்கிலாந்துக்கு மலிவான மது வேண்டியிருந்தது. ஸ்பெயின் தேசத்து ஷெர்ரியின் பெயரை ஒட்டி, ஸைப்ரஸ் ஷெர்ரி என்று ஒரு சரக்கைத் தீவு பெருவாரியாக ஏற்றுமதி செய்தது. பிற்பாடு ஸோவியத் கூட்டத்தைச் சேர்ந்த தேசங்களும் பீப்பாய்க் கணக்கில் வாங்கின. எடைக்குத்தான் மதிப்பு, சுவைக்கு இல்லை. மாவ்ரோ பெருகியது, மற்றவை ஒதுங்கின.

பிறகு இரண்டு வாயில்களும் அடைபட்டன. 1991இல் ஸோவியத் நாடு கலைந்தது. 1996 முதல், ஷெர்ரி என்ற பெயர் ஸ்பெயினின் ஹெரெஸ் பிரதேசத்துக்கே உரியது என்று ஐரோப்பிய விதி தீர்ப்பளித்தது. இரவல் பெயரில் வளர்ந்த வாணிகம் பெயரோடு போயிற்று. 2004இல் ஸைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. விலை போகாத மது மிகுந்ததனால், கொடியைப் பிடுங்குவோருக்கு ஒன்றியம் உதவித்தொகை கொடுத்தது. வயது முதிர்ந்த உழவர் பலர் வாங்கிக்கொண்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை; பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட வீட்டில், கல்மேட்டில் ஏறிக் குலை கொய்ய யார் இருக்கிறார்கள்? பூச்சி புக முடியாத தோட்டத்தில் பணம் புகுந்தது. மாவ்ரோவைப் பிடுங்கிய இடங்களில் அதன் நிழலில் ஒதுங்கியிருந்த மரதெப்திகோவும் போயிற்று.

நல்ல வேளையாக, 1980ஆம் ஆண்டுகள் முதலே சிலர் விழித்துக்கொண்டிருந்தனர். மலைக் கிராமங்களிலேயே சிறு ஆலைகள் எழுந்தன. பழந்தோட்டங்களில் தேடி, மறந்த இனங்களுக்குப் பெயர் கண்டு, பதியம் எடுத்து, புதிய வரிசைகளில் நட்டனர். மரதெப்திகோவுக்கு நடுவே துணைக் கொடியும் வைத்தனர். ஷெர்ரி என்ற இரவல் பெயர் தராத மதிப்பை, மரதெப்திகோ, ஸினிஸ்தேரி என்ற வாயில் நுழையாத பெயர்கள் இன்று தேடித் தருகின்றன.

ஆபத்து தீர்ந்தபாடில்லை. மழை குறைகிறது, வெப்பம் ஏறுகிறது. 2025 ஜூலையில் லிமஸோலுக்கு மேலே உள்ள இதே திராட்சைக் கிராமங்களின் சரிவுகளில் பெருந்தீ பரவியது. 40 சதுர மைலுக்கு மேல் எரிந்தது, இருவர் மாண்டனர். உழுது திருத்திய தோட்டம் தீயைத் தடுக்கும் வேலியாகும். கைவிட்டுப் புதர் மண்டிய தோட்டம் அதற்கு விறகாகும். ஆள் இல்லாத நிலம் தன்னையே எரிக்கிறது.

கடல் ஒரு வேலியாக நின்றது. சட்டம் மற்றொரு வேலியாக நின்றது. இரண்டும் சேர்ந்து வேரைக் காத்தன. ஆனால் குலை கொய்யும் கையைக் கடலும் காக்காது, சட்டமும் காக்காது. ஊரில் ஒருவன் தங்க வேண்டும். அவன் தங்கும்படி அவன் பழத்துக்கு விலை கிடைக்க வேண்டும். அந்த விலையை, எடையைப் பார்த்து அல்லாமல் இனத்தைப் பார்த்துக் கொடுக்க ஸைப்ரஸ் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறது. கற்று முடிப்பதற்குள் கொடிகள் மிஞ்ச வேண்டும்.