பூனைக்கு ஏற்ற மருத்துவர் யார்?

கல்வராயன் மலையில், வெள்ளிமலையை அடுத்த ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பூனை சோர்ந்து படுத்திருக்கிறது. தொட்டால் உடம்பு சுடுகிறது. “மாட்டாஸ்பத்திரியில் பூனைக்கு என்ன வைத்தியம் பார்ப்பார்கள்? நாம் காய்ச்சலுக்குப் போடும் மாத்திரையில் பாதியைக் கொடுங்கள்” என்கிறார் ஒருவர். அன்போடு சொன்ன யோசனைதான். ஆனால் அந்தப் பாதி மாத்திரையே பூனையின் உயிரைப் பறித்துவிடக்கூடும். ஏன்?

காய்ச்சல் மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது பாரசிட்டமால். நாம் அதை விழுங்கினால், நமது கல்லீரல் அதனுடன் குளுகுரோனிக் அமிலத்தை இணைக்கிறது. அவ்வாறு இணைந்த பொருள் நீரில் எளிதில் கரைந்து சிறுநீருடன் வெளியேறிவிடுகிறது. இந்த வேலைக்கு ஒரு நொதி தேவை. அந்த நொதியை உண்டாக்கும் மரபணு பூனையினத்தில் பழுதுபட்டுள்ளது. ஆகவே மருந்து வெளியேறாமல் தங்கி, நச்சுப் பொருளாக மாறுகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது. ஈறுகள் பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். அசெட்டில்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. ஆனால் அதைக் காலதாமதமின்றிக் கொடுக்க வேண்டும்.

நாய்களின் உண்ணிக்குப் பூசும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சே. ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாவது புதிதன்று. 1990-களில் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடிந்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, இறந்த மாடுகளின் இறைச்சி வழியே கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004-இல் வெளியான ஆய்வால் தெரிந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது தடை செய்யப்பட்டது.

அப்படியானால் பூனையை யாரிடம் கொண்டு செல்வது? கால்நடை மருத்துவப் படிப்பில் மாடு, ஆடு, கோழி மட்டுமல்ல, நாயும் பூனையும் உண்டு. பி.வி.எஸ்சி. பட்டம் பெற்று, கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொண்டவரே மருத்துவம் பார்க்கலாம் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பெயர்ப் பலகையிலோ மருந்துச் சீட்டிலோ பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள். மருந்துக் கடைக்காரரும் ஊர் வைத்தியரும் நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் பூனைக்கு மருத்துவர் ஆகமாட்டார்கள்.

பட்டத்துடன் செயலையும் கவனியுங்கள். நல்ல மருத்துவர் முதலில் கேள்வி கேட்பார். பூனையை எடை போடுவார், வெப்பநிலை பார்ப்பார், ஈறின் நிறத்தை நோக்குவார், வயிற்றைத் தடவிப் பார்ப்பார். எடைக்கேற்ப மருந்தின் அளவைக் கணக்கிட்டு, அதன் பெயரைச் சீட்டில் எழுதுவார். நோய் இன்னதென்று உறுதியாகாவிட்டால் அதை மறைக்காமல் சொல்லி, சோதனைக்கோ பெரிய மருத்துவமனைக்கோ அனுப்புவார். “தெரியவில்லை” என்று கூறும் மருத்துவரை ஐயுற வேண்டாம். பூனையைத் தொடாமலே ஊசி போடுபவரைத்தான் ஐயுற வேண்டும்.

மலையிலிருந்து முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். கூடுதல் சோதனை தேவையானால், கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லையை ஒட்டிய தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. கால்நடை அவசர உதவிக்கான 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். மலைப்பாதை வளைவுகளில் பூனை மிரண்டு ஓடிவிடும். எனவே காற்றுத் துளைகளிட்ட அட்டைப் பெட்டியிலோ மூடியுள்ள கூடையிலோ கொண்டு செல்லுங்கள்.

சில அறிகுறிகள் தோன்றினால் காத்திருக்கலாகாது. ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். அப்போது இரத்தத்தில் பொட்டாசியம் பெருகி, ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடக்கூடும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் ஆபத்தே. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு தேங்கிவிடும். நோயுற்ற பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்காக உடனே நீங்கள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாணவர்களே, பூனை நலமாக இருக்கும்போதே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். அது தூங்கும்போது மார்பு எழுந்து தாழ்வதை 1 நிமிடம் எண்ணுங்கள். 30-க்கு மேல் போகாது. அதன் எடையையும் உண்ணும் அளவையும் மாதந்தோறும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நோய் வந்தால் அந்த நோட்டும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

நாம் தொடக்கத்தில் கண்ட பூனையின் உடம்பு சுட்டதல்லவா? நலமுள்ள பூனையின் உடல் வெப்பமே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும்! காய்ச்சலா இல்லையா என்பதை வெப்பமானியே சொல்ல வேண்டும். மாத்திரையை மருத்துவரே தர வேண்டும்.