கிடங்கின் நினைவு

வட நாட்டுக் கடைத்தெருக்களில் நாம் நாள்தோறும் கேட்கும் ‘கோடவுன்’ என்னும் சொல், நமது ‘கிடங்கு’ என்பதற்கு உறவு எனச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். அச்சொல் குறிக்கும் இடமோ இன்று பெரிதும் மாறிவருகிறது.

முன்பெல்லாம் கிடங்கின் சாவியைப் போலவே அதன் நினைவும் கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. எந்தச் சரக்கு எந்த மூலையில் என்பதை அவரே அறிவார். அவர் காய்ச்சலில் படுத்தால் வியாபாரமும் படுத்துவிடும். சரக்குகளை இனவாரியாக அடுக்கியதும் அவர் நினைவின் பொருட்டே.

புதிய கிடங்குகள் பலவற்றில் அந்த ஒழுங்கைக் காண முடியாது. சோப்பின் பக்கத்தில் புத்தகம், அதற்கடுத்து பொம்மை! வெற்றிடம் எங்குளதோ அங்கே பொருள் வைக்கப்படுகிறது. தட்டுக்கு ஓர் எண் உண்டு. பொருளின்மேல் கோட்டுக் குறி உண்டு. பணியாளர் ஒளிக்கருவியால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், இன்ன பொருள் இன்ன தட்டில் எனக் கணிப்பொறி பதிந்துகொள்கிறது. இன்று உலகெங்கும் வழங்கும் இக்கோட்டுக் குறி, விற்பனையில் முதன்முதல் படிக்கப்பெற்றது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில். பொருள், ஒரு சூயிங்கம் பொட்டலம். உங்கள் வீட்டுச் சோப்பு உறையிலும் 13 இலக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை 890 என்று தொடங்கினால் இந்தியாவில் பதிவு பெற்ற எண். கடைசி இலக்கம் ஏனையவற்றைச் சரிபார்ப்பதற்கு.

சில கிடங்குகளில் ஆள் தட்டைத் தேடிச் செல்வதில்லை. தட்டே ஆளைத் தேடி வருகிறது. தாழ்ந்த சக்கர யந்திரமொன்று அலமாரியின் அடியிற் புகுந்து, அதனைத் தூக்கி, தரையில் ஒட்டிய குறிகளைப் படித்தவாறே கொண்டுவருகிறது. 2003இல் அமெரிக்காவில் தோன்றிய கிவா நிறுவனம் இம்முறையைப் பரப்பியது. 2012இல் அமேசான் அதனை விலைக்கு வாங்கிற்று.

நம் நாட்டில் இதற்கு இடமளித்தது ஒரு வரி மாற்றம். முன்பு மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி இருந்தது. தன் கிளைக்கே சரக்கை அனுப்பினால் அவ்வரி இருக்கவில்லை. ஆகவே கம்பெனிகள் மாநிலந்தோறும் சிறு கிடங்குகள் வைத்திருந்தன. 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி வந்ததும் அக்காரணம் நீங்கிற்று. மும்பையை அடுத்த பீவண்டி போன்ற இடங்களில் பெருங்கிடங்குகள் பெருகின. யந்திரம் கட்டுப்படியாவதும் அத்தகைய கிடங்குகளிலேதான்.

ஆனால் ஒருமுறை குறியைப் படிக்க மறந்தால், பொருள் கண்ணெதிரே இருந்தும் இல்லாததே. கணக்குப்பிள்ளையாவது தேடிப்பார்ப்பார், கணிப்பொறி ‘இல்லை’ என்று சொல்லிவிடும். அதனாலேயே ஆண்டுக்கொரு முறை இருப்பு எடுப்பதை விட்டு, நாள்தோறும் சில தட்டுகளை எண்ணிச் சரிபார்க்கின்றனர்.

பணியாளருக்கு நடை மிச்சம். நின்ற இடத்திலேயே நிற்பதும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும் புதிய களைப்பு. வேகத்தை நிர்ணயிப்பதும் அவரல்லர். இவ்வேலைக்குச் செல்வோர் சம்பளத்தோடு, மணிக்கு எத்தனை பொருள் எடுக்கவேண்டும் என்பதையும் முதல் நாளே கேட்டறிதல் நன்று.